ரயில் பட்டறையில் பிறந்த கழகம்

நேயர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை இரவு பத்து, பதினொரு மணிக்குக் கோலாலம்பூரில் எந்த மாமாக் உணவுக் கடைக்குப் போனாலும் பெரிய திரையில் பந்து ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு ஜெர்சி போட்ட கூட்டம் ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். சில ஆண்டுகளாக, ஆட்டம் முடிந்ததும் பேச்சே இல்லாமல் எழுந்து போவதும் அந்தக் கூட்டம்தான். மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களைத்தான் சொல்கிறேன். இன்றைய பேச்சு அந்தக் கழகத்தைப் பற்றியது. அது எங்கே பிறந்தது, இன்று அதன் ரசிகர்கள் எதற்காகக் கொதிக்கிறார்கள் என்று இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். முதலாவது தெரியாவிட்டால் இரண்டாவது விளங்காது.

அப்பாவோ தாத்தாவோ செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த குடும்பங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே என்ன வேலை நடந்தது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெட்டிகளைப் பழுதுபார்ப்பார்கள், சக்கரம் மாற்றுவார்கள், சாயம் பூசுவார்கள். அதே மாதிரி ஒரு பட்டறை மென்செஸ்டர் நகரத்தின் நியூட்டன் ஹீத் பகுதியில் இருந்தது. லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வே கம்பெனியின் பட்டறை அது. 1878இல் அங்கே பயணிப் பெட்டியும் சரக்குப் பெட்டியும் செய்கிற பிரிவில் வேலை பார்த்தவர்கள் ஒரு காற்பந்துக் குழு தொடங்கினார்கள். பெயர் நியூட்டன் ஹீத் எல்.ஒய்.ஆர். கடைசி மூன்று எழுத்தும் ரயில்வே கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். சட்டையில் பாதி பச்சை, பாதி பொன்னிறம். இந்த இரண்டு நிறத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் மற்ற ரயில்வே பிரிவுகளோடும் மற்ற ரயில்வே கம்பெனிகளோடும்தான் ஆடினார்கள். பதிவில் கிடைக்கிற முதல் ஆட்டம் 1880 நவம்பரில் போல்டன் வாண்டரர்ஸ் இரண்டாம் அணியோடு நடந்தது. 6-0 என்று தோற்றார்கள்.

ஆடிய இடம் நார்த் ரோடு. திடலின் ஒரு பக்கம் கல்லும் கரடும், மழை பெய்தால் மறுபக்கம் சேறு. பக்கத்திலேயே தண்டவாளம் என்பதால் வண்டி போகும்போதெல்லாம் புகை திடலை மூடிக்கொள்ளும். சட்டை மாற்ற அறை கிடையாது. ஓல்ட்ஹம் ரோட்டில் திரீ கிரௌன்ஸ் என்ற மதுக்கடையில் மாற்றிக்கொண்டு, அங்கிருந்து நடந்தே திடலுக்கு வருவார்கள். ஆட்டம் முடிந்தால் அதே சேற்றோடு திரும்ப நடை.

அப்படியானால் நல்ல ஆட்டக்காரர்கள் எப்படி வந்தார்கள்? பட்டறையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். வேல்ஸ் நாட்டுக்காக ஆடிய டௌட்டி சகோதரர்கள் வந்தது அப்படித்தான். பந்துக்கு ஒரு சம்பளம், பட்டறைக்கு ஒரு சம்பளம் என்றால் எந்த இளைஞன் வரமாட்டான்? நம் ஊரிலும் ரயில்வே, போலீஸ், மின்சார வாரியம் என்று அரசாங்க வேலையோடு பந்து ஆடிய தலைமுறை ஒன்று இருந்தது. வேலைதான் ஆட்டக்காரனைக் கட்டிப் போட்டது.

1892இல் இங்கிலாந்து லீக்கின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் இடம் கிடைத்தது. அதற்குள் ரயில்வேயின் பிடி விட்டுப்போய், எல்.ஒய்.ஆர். என்ற எழுத்துகளும் பெயரிலிருந்து போய்விட்டன. சுதந்திரம் வந்தது, கூடவே செலவும் வந்தது. பட்டறைச் சம்பளம் இல்லை என்றால் ஆட்டக்காரர் சம்பளம் முழுவதும் வாசலில் விற்கிற சீட்டிலிருந்துதான் வர வேண்டும். 1893இல் பேங்க் ஸ்ட்ரீட் திடலுக்கு மாறினார்கள். அங்கே பக்கத்தில் ரசாயனத் தொழிற்சாலை, ஒரே நெடி. 1894இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள். கூட்டம் குறைந்தது, வருமானம் குறைந்தது, கடன் ஏறியது.

இனி நாய்க் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்தக் கழகத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

1901இல் கடன் அடைப்பதற்காக மென்செஸ்டரில் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் ஒரு விற்பனைச் சந்தை நடத்தினார்கள். கழகத்தின் கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டு. அவரிடம் மேஜர் என்று ஒரு நாய், செயின்ட் பெர்னார்ட் சாதி. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். அதன் கழுத்தில் ஓர் உண்டியலைக் கட்டி, கூட்டத்துக்குள் விட்டார்கள். வருகிறவர்கள் தடவிக் கொடுத்துவிட்டுக் காசு போடுவார்கள். ஒரு நாள் நாய் எங்கேயோ போய்விட்டது. அது கடைசியில் போய்ச் சேர்ந்தது ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பெரும் பணக்காரர் கையில். மதுபான ஆலைகளின் முதலாளி அவர். அவருடைய மகளுக்கு நாயைப் பிடித்துப்போனது. உரியவர் யார் என்று விசாரித்ததில் ஸ்டாஃபோர்டு வந்து நின்றார். நாயைப் பற்றித் தொடங்கிய பேச்சு கழகத்தின் கடனில் போய் முடிந்தது.

இடையில் யார் நாயைக் கண்டுபிடித்தார், யார் கொண்டுபோய்ச் சேர்த்தார், விற்றார்களா, கொடுத்தார்களா என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நூறு வருடத்துக்கு மேல் வாய்வழியாக வந்த கதை, அப்படித்தான் இருக்கும். ஆனால் அடுத்து வருகிற கணக்கு பதிவில் இருக்கிற கணக்கு.

1902 ஜனவரியில் கடன் 2,670 பவுண்டு. கழகத்தின் தலைவராக இருந்தவருக்கே 242 பவுண்டு சொச்சம் பாக்கி. அவரே வழக்குப் போட்டார். கழகத்தைக் கலைக்க உத்தரவு வந்தது, பேங்க் ஸ்ட்ரீட் வாசலைப் பூட்டினார்கள். அடுத்த ஆட்டம் பிரிஸ்டல் நகரத்தில். போய்ச் சேர ரயில் கட்டணம் இல்லை. ரயில்வே பட்டறையில் பிறந்த குழுவுக்கு ரயில் ஏறக் காசில்லை! ஸ்டாஃபோர்டு ஆளாளிடம் கை நீட்டி வசூல் செய்துதான் குழுவை ஏற்றி அனுப்பினார்.

மார்ச் மாதம் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே ஸ்டாஃபோர்டு எழுந்து, டேவிஸையும் சேர்த்து நான்கு பேர் தலைக்கு 500 பவுண்டு போடத் தயார் என்று சொன்னார். மொத்தம் 2,000 பவுண்டு. பதிலுக்கு நிர்வாகம் அவர்கள் கைக்குப் போக வேண்டும். கூட்டம் ஒப்புக்கொண்டது. ஏப்ரலில் பெயர் மாறியது. மென்செஸ்டர் சென்ட்ரல், மென்செஸ்டர் செல்டிக் என்றெல்லாம் யோசித்துத் தள்ளிவிட்டு, மென்செஸ்டர் யுனைடெட் என்று முடிவு செய்தார்கள். பச்சை, பொன்னிறம் போய் சிவப்பு வந்தது.

டேவிஸ் போட்ட பணம் வீணாகவில்லை. 1908இல் லீக் பட்டம், 1909இல் எஃப்.ஏ. கிண்ணம். பிறகு நிலம் வாங்கி ஓல்ட் டிராஃபோர்டு அரங்கம் கட்ட 60,000 பவுண்டு கொடுத்தார். 1910 பிப்ரவரி 19இல் அங்கே முதல் ஆட்டம், லிவர்பூலோடு. 4-3 என்று லிவர்பூல் ஜெயித்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அடித்த புயலில் பழைய பேங்க் ஸ்ட்ரீட் பார்வையாளர் மேடை இடிந்து விழுந்தது. சரியான நேரத்தில் மாறியிருந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: 1902இல் பணம் வெளியிலிருந்து கழகத்துக்குள் வந்தது. பணம் போட்டவர்கள் அதிகாரம் கேட்டார்கள், பெயரை மாற்றினார்கள், நிறத்தையும் மாற்றினார்கள். ஆனாலும் பணம் உள்ளே வந்தது. 1931இல் மறுபடி மூழ்கப் பார்த்தபோது ஜேம்ஸ் கிப்சன் என்ற தொழிலதிபர் கை கொடுத்தார். அப்போதும் பணம் உள்ளேதான் வந்தது.

இப்போது 2005க்கு வருவோம். அமெரிக்காவைச் சேர்ந்த கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கியது. மதிப்பு ஏறக்குறைய 790 மில்லியன் பவுண்டு. அதில் பாதிக்கு மேல் கடன் வாங்கிய பணம். வாங்கியவர்களின் கடன்தானே, கழகத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். உங்கள் தெருவில் நன்றாக ஓடுகிற ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, கடன் கிடையாது. ஒருவர் வங்கியில் கடன் எடுத்து அதை வாங்குகிறார். கடனுக்கு ஈடு அந்தக் கடையே. மாதத் தவணை கட்டப் போவதும் அந்தக் கடையின் கல்லாவே. அடுப்பு பழுதானால் மாற்றக் காசு இருக்காது, ஆனால் தவணை தவறாமல் போகும். யுனைடெட் கழகத்துக்கு நடந்தது இதுதான். கடனில்லாமல் இருந்த கழகம் தன்னை விலைக்கு வாங்கிய கடனைத் தானே சுமக்கத் தொடங்கியது.

அந்தக் கடனில் ஒரு பகுதி மிகவும் மோசமான வகை. வட்டியை அவ்வப்போது கட்ட வேண்டாம், அது அசலோடு சேர்ந்துகொண்டே போகும். வட்டி 14.25 விழுக்காடு. வட்டிக்கு வட்டி என்றால் என்னவென்று நம் மக்களுக்குத் தெரியும். இந்த விகிதத்தில் 100 பவுண்டு கடன் ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய 195 பவுண்டு ஆகிவிடும். 2010இல் அந்தப் பகுதியை அடைத்தார்கள். மீதிக் கடன் இன்னும் இருக்கிறது. வட்டி, ஈவுத்தொகை, கட்டணம் என்று இதுவரை வெளியே போனது ஒரு பில்லியன் பவுண்டுக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பணம் போகிற திசையைப் பாருங்கள், நேயர்களே. 1902இல் உள்ளே வந்தது. 2005க்குப் பிறகு வெளியே போகிறது.

அந்தப் பச்சை, பொன்னிறம் இப்போதுதான் தேவைப்படுகிறது. 2010இல் ரசிகர்கள் சிவப்புத் துண்டைக் கழற்றிவிட்டு, நியூட்டன் ஹீத் நிறத்தில் துண்டு போட்டுக்கொண்டு அரங்கத்துக்கு வந்தார்கள். இந்த முதலாளிகளுக்கு முன்னாலும் கழகம் இருந்தது என்று சொல்லாமல் சொன்னார்கள். அந்த மார்ச் மாதம் யுனைடெட்டின் பழைய ஆட்டக்காரர் டேவிட் பெக்கம் மிலான் அணிக்காக ஓல்ட் டிராஃபோர்டில் ஆட வந்தார். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது திடலில் விழுந்த ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உலகம் முழுவதும் அந்தப் படம் போனது.

வட்டி மட்டும்தான் காரணம் என்றால் அது நியாயம் ஆகாது. ஆட்டக்காரர்களுக்கு நிறையவே செலவு செய்தார்கள். 2016இல் பொக்பாவுக்கு 89 மில்லியன் பவுண்டு, 2019இல் மகுவாயருக்கு 80 மில்லியன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. 2013இல் நீண்ட காலப் பயிற்சியாளர் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபின் மோய்ஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக், அமோரிம் என்று பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் பந்தைக் காலிலேயே வைத்து ஆடச் சொல்வார், அடுத்தவர் பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குதல் நடத்தச் சொல்வார். முன்னவர் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர் பின்னவருக்குத் தோதுப்பட மாட்டார். பெரிய சம்பளம் என்பதால் வேறு கழகமும் எடுக்காது. பெஞ்சில் உட்கார்ந்தே ஒப்பந்தம் முடியும். கட்டடமும் கவனிப்பாரில்லாமல் போனது. 2024 மே மாதம் ஆர்சனலோடு ஆட்டம் முடிந்தபோது பெய்த மழையில் கூரையின் மூலையிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி ரசிகர் இருக்கைகள் மேல் கொட்டியது.

அதே ஆண்டு பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ரட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலான பங்கு வாங்கிப் பந்து விவகாரத்தைக் கையில் எடுத்தார். நம்பிக்கை வந்தது. பிறகு சீசன் நடுவிலேயே மீதமிருந்த சீட்டு விலையை 66 பவுண்டு ஆக்கினார்கள். நம் பணத்துக்கு அன்றைக்குச் சுமார் 370 ரிங்கிட். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லை. ஊழியர்களில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த சீசனில் லீக்கில் 15ஆவது இடம், யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டோட்டன்ஹமிடம் 1-0 தோல்வி.

சீசன் முடிந்த மூன்றாம் நாள், 2025 மே 28ஆம் தேதி, அதே குழு புக்கிட் ஜாலிலில் இறங்கியது. 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். களைத்துப்போன ஆட்டக்காரர்கள் ஆசியான் நட்சத்திரக் குழுவிடம் 1-0 என்று தோற்றார்கள். மியன்மார் ஆட்டக்காரர் மாவுங் மாவுங் லுவின் கோல் போட்டார். முடிவில் அரங்கத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நம் ரசிகர்களுக்கு மரியாதை தெரியாது என்று அப்போது சிலர் பேசினார்கள். அது தவறு. இங்கே இருக்கும் ரசிகர் ஜெர்சிக்கு 300 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கிறார், ஆண்டுக்கு மூன்று விதமான ஜெர்சி வருகிறது. மாதாமாதம் டிவி சந்தா கட்டுகிறார். இங்கிலாந்தில் மாலை மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு பத்து மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பினால் பதினொன்று. ஐரோப்பிய ஆட்டம் என்றால் விடியற்காலை மூன்று அல்லது நான்கு. அதைப் பார்த்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறவர் அவர். ஜெர்சிக் கம்பெனி ஆண்டுக்கு 90 மில்லியன் பவுண்டு தருகிறது என்றால், அதில் ஆசிய ரசிகர் பணம் இருக்கிறது. கூச்சல் போட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். எஃப்.சி. யுனைடெட் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005இல் கோபித்துக்கொண்டு வெளியேறிய ரசிகர்கள் தாங்களே ஒரு கழகம் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு, எவ்வளவு பணம் போட்டாலும் ஒரே ஓட்டுதான். 2015இல் சொந்த அரங்கம் திறந்தார்கள். இடம் மோஸ்டன், நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்திலேயே. கீழ் மட்ட லீக்கில் ஆடுகிறார்கள், இன்றும் ஆடுகிறார்கள்.

புதிய அரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் அறிவித்தார்கள்: 1,00,000 இருக்கை, சுமார் 2 பில்லியன் பவுண்டு. படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த 2 பில்லியன் யார் பெயரில் கடனாக எழுதப்படும் என்பதைப் பற்றிய செய்தி வரும்போது, அதை மட்டும் தவறாமல் படியுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.