சுடப்படும் பலகையை ஏன் மறுபடியும் நடுகிறார்கள்?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி வயல்கள் சூழ்ந்த டல்லஹாச்சி கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வரலாற்றுப் பலகைகளைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் இரண்டு சந்தேகங்களை எழுப்பியிருக்கிறார். சாலையோரப் பலகையில் எழுதியிருப்பதை வரலாறு என்று நம்பலாமா என்பது ஒன்று. துப்பாக்கியால் சுட்டுச் சேதப்படுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அதை அருங்காட்சியகத்திற்கு அனுப்பாமல் அதே இடத்தில் ஏன் நடுகிறார்கள் என்பது மற்றொன்று.

முதல் சந்தேகத்திற்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். நம்பலாம், ஆனால் பலகை எந்த ஆண்டில், யாரால் நிறுவப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சம்னர் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டிற்கு வந்திருந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை 1955 ஆகஸ்ட் மாதம் கடத்திக் கொன்று, கழுத்தில் பருத்தி ஆலையின் கனத்த இரும்பு விசிறியை முள்கம்பியால் கட்டி ஆற்றில் எறிந்த வழக்கு இங்கேதான் நடந்தது. வெள்ளையர்களான ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு, குற்றஞ்சாட்டப்பட்ட ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் ஆகிய இருவரையும், ஏறத்தாழ 67 நிமிடங்களே கலந்துபேசிவிட்டு, செப்டம்பர் 23 அன்று குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. விடுதலையானவர்களை அதே குற்றத்திற்காக மறுபடி விசாரிக்க முடியாது என்ற தைரியத்தில், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு பத்திரிகையிடம் பணம் பெற்றுக்கொண்டு, கொன்றது தாங்கள்தான் என்று அவர்களே சொன்னார்கள்.

இவ்வளவும் ஊரறிந்த செய்தி. ஆனாலும் அந்த நீதிமன்ற வாசலில் இதைச் சொல்லும் பலகை 2007-இல்தான் வந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையினருக்கான நினைவுச் சிலையோ அதே வளாகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நிற்கிறது. கவுண்டி நிர்வாகக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரான ஜெரோம் லிட்டில் முயன்று, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த ஒரு நினைவுக் குழுவை அமைத்த பிறகே, 2007 அக்டோபர் 2 அன்று அந்த வாசலில் நின்று டில் குடும்பத்தாரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். பலகை 1955-ஐப் பற்றிப் பேசுகிறது என்பது உண்மைதான். அதைப் பேசுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது என்பதும் அதே பலகை தரும் செய்திதான்.

இனி இரண்டாவது சந்தேகம். உடல் கரைசேர்க்கப்பட்ட இடமாகக் கருதப்படும் கிராபால் லேண்டிங் என்னும் ஆற்றங்கரையில் குழுவினர் வைத்த ஊதா நிறப் பலகையை 2008-இல் யாரோ பிடுங்கிச் சென்றுவிட்டார்கள். அடுத்து வைத்ததில் 317 துளைகள் எண்ணப்பட்டன. 2018-இல் வைத்த மூன்றாவதும் சில வாரங்களிலேயே சுடப்பட்டது. இவ்வளவு ஒதுக்குப்புறமான ஓர் இடத்திற்குத் துப்பாக்கியோடு தேடி வந்து சுடுவதைக் குறும்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நேயர் சொல்வது போல, சுடப்பட்ட பலகை ஒன்று 2021-இல் வாஷிங்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அது தலைநகருக்கு வருவோர் பார்ப்பதற்கு. உடல் கண்டெடுக்கப்பட்டதற்கும் விடுதலைக்கும் சாட்சியான கவுண்டியிலோ, ஆற்றங்கரை வெறுமையாக விடப்பட்டால் சுட்டவர் நினைத்தது நடந்துவிடும். ஆகவேதான் 2019 அக்டோபரில், குண்டு துளைக்காத, 500 பவுண்டுக்கும் மேல் எடையுள்ள நான்காவது பலகையை நட்டார்கள். முந்தைய பலகைகள் திருடப்பட்டதையும் சுடப்பட்டதையும் அதன் வாசகத்திலேயே சேர்த்திருப்பதுதான் அதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம். 2023 ஜூலையில் இந்த ஆற்றங்கரையும் சம்னர் நீதிமன்றமும், சிறுவனின் இறுதிச் சடங்கு நடந்த சிகாகோ தேவாலயமும் சேர்த்துத் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன. எனவே அந்தக் கரையைக் காக்கும் பொறுப்பு இப்போது கவுண்டிக்காரர்களோடு நிற்கவில்லை, நாட்டின் தேசியப் பூங்காத் துறைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.