91, 95, 100: உங்கள் காருக்கு எந்தப் பெட்ரோல்?

நேயர்களுக்கு வணக்கம்.

பங்கில் வண்டியை நிறுத்தியதும், "சார், சாதாவா, பிரீமியமா?" என்று ஒரு கேள்வி வரும். இத்தனை லட்சம் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு பெட்ரோலில் போய்க் கஞ்சத்தனம் பார்ப்பதா என்று நினைத்து, "பிரீமியமே போடுங்க" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துபவன் என்பதால், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு சாதா பெட்ரோலே போதும். ஏன் என்பதற்குத்தான் கொஞ்ச நேரம் வேண்டும்.

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை அழுத்துகிறது. எதையும் அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவது நினைவிருக்கும். அந்த நேரம் பார்த்து ஸ்பார்க் பிளக் பொறி விட, தீ அங்கிருந்து கிளம்பி சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். இதுதான் ஒழுங்கான வேலை. ஆனால் தீ இன்னும் வந்து சேராத மூலையில் கொஞ்சம் கலவை இருக்கும். பிஸ்டன் ஒரு பக்கம் அழுத்த, பரவி வரும் தீயும் சேர்ந்து நெருக்க, அது சூடு தாங்காமல் தானாகவே குப்பென்று பற்றிக்கொள்வதுண்டு. அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கிண் கிண் என்று ஓர் உலோகச் சத்தம் கேட்குமே, அது. எப்போதாவது லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. நாள் கணக்கில் பலமாகத் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் இருக்கும் விளிம்பு உடையும்.

ஒரு பெட்ரோல் இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன் எண். அவ்வளவுதான். 100 ஆக்டேன் பெட்ரோலில் 91-ஐ விடச் சக்தி அதிகம் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. லிட்டருக்கு இவ்வளவு வெப்பம் என்று கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது.

இந்த எண் வந்த கதை சுவாரசியமானது. 1910களில் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் நாக்கிங் பெரிய தொல்லையாக இருந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் புதிதாகக் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷன், அதாவது பேட்டரியால் பொறி விடும் முறைதான் காரணம் என்று அவர் தலையில் பழியைப் போட்டார்கள். குற்றம் இக்னிஷனில் இல்லை, பெட்ரோலில்தான் என்று அவர் சந்தேகப்பட்டு, தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரை ஆராய வைத்தார். மிட்ஜ்லி கையில் கிடைத்ததையெல்லாம் பெட்ரோலில் கலந்து பார்த்தார். 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் சிக்கியது. துளி போட்டாலே நாக்கிங் நின்றது. இதில் கவனிக்க வேண்டியது, சாராயம், அதாவது எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். ஈயம் மிகக் கொஞ்சம் போட்டால் போதும், காப்புரிமையும் வாங்கலாம். வியாபாரம் ஈயத்தின் பக்கம் போனது. 1924-லேயே அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் ஈய நச்சால் இறந்தார்கள். ஆனாலும் உலகம் அதை விடவில்லை. இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்தான் நிறுத்தியது.

அளவுகோலைக் கொடுத்தவர் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர், 1926 வாக்கில். மிக எளிதாக நாக்கிங் கொடுக்கும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம், நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு நூறு என்று வைத்தார். அந்த ஹெப்டேன் அப்போது கிடைத்தது ஒரு வகை பைன் மரத்தின் பிசினிலிருந்து. 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், சோதனை இன்ஜினில் அது 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை போல நடந்துகொள்கிறது என்று பொருள். இன்றும் அதற்கென்று ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று ஆய்வகங்களில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆக்டேனால் பலம் கூடவே கூடாதா என்றால், கூடும். அதற்கு இன்ஜினையும் மாற்ற வேண்டும். 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறியது பெரிய சாதகம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் பெட்ரோலை ஊற்றியதும் விமானம் வேகமெடுக்கவில்லை. அதன் மெர்லின் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள். பழைய பெட்ரோலில் அப்படி ஏற்றியிருந்தால் இன்ஜின் சிதறியிருக்கும். புதிய பெட்ரோல் அதைத் தாங்கியது, சுமார் 1,000 குதிரைத்திறன் 1,300ஐத் தொட்டது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் இன்ஜினை யாரும் அப்படி மாற்றவில்லை அல்லவா?

சரி, நம் காருக்கு வருவோம். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கலாம். இல்லாவிட்டால் வண்டியோடு கொடுத்த கையேட்டில் எரிபொருள் என்ற பகுதியைப் பாருங்கள். ஆர்ஓஎன் என்பது ஆக்டேன் எண்தான். 'குறைந்தபட்சம் ஆர்ஓஎன் 91' என்று இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. சில டர்போ வண்டிகளில், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் வண்டிகளில், 'குறைந்தபட்சம் 91, பரிந்துரைப்பது 95' என்று இருக்கும். இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் உண்டு. குறைந்தபட்சம் என்பதற்குக் கீழே போகக் கூடாது. பரிந்துரை என்பது, போட்டால் இழுவை கொஞ்சம் நன்றாக இருக்கும், போடாவிட்டால் கெட்டுப்போகாது என்ற அர்த்தம். ஜெர்மன் சொகுசுக் கார்கள் பலவற்றில் 95 என்பதே குறைந்தபட்சம். அவற்றை வைத்திருப்பவர்கள் பேரம் பேச வேண்டாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அங்கே 87 போடுகிறார்கள், நம் பெட்ரோல் 91, ஆகவே நமதே உயர்ந்தது" என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். அவர்கள் பம்ப்பில் எழுதுவது இரண்டு சோதனைகளின் சராசரி. நாம் எழுதுவது ஆர்ஓஎன் என்ற ஒரு சோதனையின் எண். அவர்களுடைய 87 நம்முடைய 91, 92-க்குச் சமம். அவர்களுடைய 91, நம்முடைய 95, 96. வெளிநாட்டுப் பிரசுரங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இலங்கை நேயர்களுக்குக் குழப்பமில்லை. அங்கே பம்ப்பிலேயே 92, 95 என்று ஆர்ஓஎன் எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு பழைய சூத்திரம், 'கம்ப்ரெஷன் பத்துக்கு மேல் போனால் பிரீமியம்தான்' என்பது. கார்புரேட்டர் காலத்துக்கு அது சரி. அம்பாசடர் காலத்து இன்ஜின்கள் ஏழெட்டு மடங்குதான் அழுத்தும். இன்றைக்கு ஒரு சாதாரண மாருதி வேகன் ஆரின் ஒரு லிட்டர் இன்ஜினே பத்து மடங்குக்கு மேல் அழுத்துகிறது, ஆனாலும் 91-ல் நிம்மதியாக ஓடுகிறது. சிலிண்டரின் வடிவமைப்பு மாறியிருக்கிறது, பெட்ரோல் தெளிக்கும் விதம் மாறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் நாக் சென்சார். இன்ஜின் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கருவி நாக்கிங்கின் அதிர்வை நம் காது கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும். கம்ப்யூட்டர் உடனே பொறி விடும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும், இன்ஜின் தப்பிக்கும். உயர்ந்த ஆக்டேன் போட்டால் அந்த நேரத்தைத் தள்ள வேண்டியிருக்காது. ஆனால் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டி அது முன்னே போகாது. 91-க்கு வடிவமைத்த வண்டியில் 100 ஊற்றினால் மீதி ஒன்பது எண்ணும் சும்மா எரிந்து போகும். 2020-ல் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது லிட்டர் 160 ரூபாய்! பெரிய சூப்பர் பைக்குக்கும் விலையுயர்ந்த காருக்கும் அது சரி. ஸ்விஃப்டுக்கு எதற்கு?

இப்போது இந்தியாவில் கணக்கே மாறிவிட்டது. இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் பங்குகளில் சாதா பெட்ரோல் என்று வருவது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-க்குப் பக்கம். அதனால் இ20-க்கான இந்தியத் தரநிர்ணயம் குறைந்தபட்சம் 95 என்கிறது. முன்பு சாதா பெட்ரோலுக்கு 91, பிரீமியத்துக்கு 95. இன்று சாதாவே 95. அப்படியானால் 95 பிரீமியத்துக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? ஆக்டேனுக்கு இல்லை. அதில் சேர்க்கும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் மருந்துக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். அதுவும் நான்கைந்து டேங்குக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பது என் கருத்து. மிட்ஜ்லி காலத்தில் ஒதுக்கப்பட்ட சரக்கு நூறு வருஷம் கழித்து நம் டேங்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆக்டேன் ஏறியதே, மைலேஜும் ஏற வேண்டாமா என்று கேட்கலாம். எத்தனாலில் லிட்டருக்கு வெப்பம் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய, எத்தனாலுக்கு வடிவமைக்காத கார்களில் 6, 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொன்னது. இதற்காக யாராவது பிரீமியத்துக்கு மாறச் சொன்னால் கேட்காதீர்கள். 95 பிரீமியம் என்ற பெயர் எத்தனாலிலிருந்து தப்பிக்கும் வழி அல்ல. உங்கள் வண்டி 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது என்றால் அதன் குழாய்களும் சீல்களும் இ20-ஐத் தாங்கும் பொருளால் ஆனவை. அதற்கு முந்தையது என்றால் ரப்பர் ஹோஸ், கேஸ்கட் இவற்றைச் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். ஆக்டேனைப் பற்றிய கவலையை விட இந்தக் கவலை பயனுள்ளது.

மழைக்காலத்தில் இன்னொன்று. எத்தனால் தண்ணீரை இழுக்கும். பங்கின் நிலத்தடித் தொட்டியிலோ உங்கள் டேங்கிலோ தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். வெள்ளம் புகுந்த பங்கில் மறுநாளே போய் நிரப்பாமல் இருப்பது நல்லது.

நல்ல பெட்ரோல் போட்டும் நாக்கிங் வருகிறது என்றால், ஆக்டேனை ஏற்றுவதற்கு முன் வேறு காரணங்களைப் பாருங்கள். கூலண்ட் குறைந்திருக்கலாம். தப்பான பிளக் போட்டிருக்கலாம். ஓடிய வண்டி என்றால் பிஸ்டன் தலையில் கார்பன் படிந்து, அதனாலேயே அழுத்தம் ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் கலப்படம் இருந்தால் நாக்கிங் நிச்சயம். சந்தேகம் வந்தால் பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு துளி விட்டுப் பாருங்கள், கறை நிற்காமல் ஆவியாக வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. டேங்கில் அந்துருண்டை போடும் வைத்தியம் மட்டும் வேண்டாம். நாஃப்தலீன் ஆக்டேனை உயர்த்தாது, எங்காவது படிந்து குழாயை அடைக்கும்.

மலையேறுபவர்களுக்கு: சித்திரை வெயிலில் ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஏசி, மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே. ஆக்டேனுக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. சத்தம் கேட்டால் ஒரு கியர் இறக்குங்கள், பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகு நிலைமை தலைகீழ். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத வண்டிக்கு ஆக்டேன் தேவையே குறைந்துவிடும். அமெரிக்காவில் கொலராடோ பக்கம் சாதாப் பெட்ரோலையே 87-க்குப் பதில் 85 ஆக விற்பது இந்தக் காரணத்தால்தான்.

டர்போ வண்டிக்காரர்கள் மட்டும் ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்காதீர்கள். பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு அந்த இன்ஜின்களில் உண்டு. அதற்கு உயர்ந்த ஆக்டேன் பெரிய மருந்தல்ல. கையேட்டில் சொன்ன தர ஆயிலும், சரியான நேரத்தில் கியர் இறக்குவதும்தான் மருந்து.

கடைசியாக ஒரு நேயர் கேட்டிருந்த கேள்வி: 95 தேவைப்படும் காரில், வெளியூரில் வேறு வழியில்லாமல் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டுவிட்டால்? டேங்கைக் காலி செய்ய வேண்டாம். அந்த டேங்க் தீரும்வரை ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள், லோடு ஏற்றாதீர்கள், முடிந்த இடத்தில் 95 ஊற்றி நிரப்பிக்கொள்ளுங்கள். டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால் மட்டும் சாவியைத் தொடாமல், வண்டியைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வணக்கம்.