மேலாளர் போவார், முதலாளி இருப்பார்

தருமபுரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்தைப் பற்றிப் பேச ஒரு வணிகவியல் ஆசிரியரை அழைத்திருக்கிறார்களே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தொடர்ந்து தோற்கும் ஒரு கிளப்பின் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, ஆட்டத்தைப் பார்ப்பதைவிட அந்தக் கிளப்பின் வரவு செலவைப் பார்ப்பது பல நேரங்களில் அதிகம் உதவுகிறது. நிலையத்தார் கேட்டவுடன் நான் ஒப்புக்கொண்டதற்கு அதுவே காரணம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களும் கால்பந்துக்குப் பேர்போனவை அல்ல. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் கூடுகிற கூட்டம் இங்கே கால்பந்துக்குக் கூடுவதில்லை. ஆனாலும் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஏதாவது ஒரு கல்லூரி விடுதிக்குப் போய்ப் பார்த்தால், மாடியில் காயும் பனியன்களில் பாதி மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், லிவர்பூல் என்று இங்கிலாந்துக் கிளப்புகளுடையதாகத்தான் இருக்கும். என் வகுப்பில் ஒரு மாணவர் திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், யுனைடெட் தோற்றுவிட்டது என்று கேட்காமலே தெரிந்துகொள்வேன். "சார், இந்த மேனேஜரைத் தூக்கினால்தான் டீம் உருப்படும்" என்பார். எரிக் டென் ஹாக் மேலாளராக இருந்தபோதும் அதையே சொன்னார். ரூபன் அமோரிம் வந்து சில மாதங்கள் ஆனதும் அதே வாக்கியம் திரும்பியது, ஆள் மட்டும் மாறியிருந்தார்.

அந்த மாணவரைக் குறை சொல்லவில்லை. 2024–25 பருவத்தில் யுனைடெட், இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் ஆடிய 38 ஆட்டங்களில் 18இல் தோற்று, 42 புள்ளிகளுடன் 15ஆவது இடத்தில் முடித்தது. பிரீமியர் லீக் தொடங்கிய 1992 முதல் அந்தக் கிளப் அவ்வளவு கீழே இறங்கியதில்லை. அந்தப் பருவத்தின் முடிவில், 2025 மே மாதம், ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் இறுதி ஆட்டம் நடந்தபோது நம் ஊர்க் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. விடுதிப் பிள்ளைகள் கண்விழித்துப் பார்த்தும், இன்னொரு இங்கிலாந்துக் கிளப்பான டாட்டன்ஹாமிடம் ஒரே ஒரு கோலில் தோல்வி. கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்துக் கிளப்புகளில் மேலாளர் என்பவர் பதினொருவரைத் தேர்ந்தெடுத்து, ஆட்டமுறையை வகுத்து, ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறவர். தோல்வியன்று தொலைக்காட்சியில் தெரியும் முகம் அவருடையதுதான். உரிமையாளர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பது பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. ஆகவே வசவு முழுவதும் முகம் தெரிந்தவருக்குப் போகிறது. உரிமையாளருக்கும் அது வசதியாகவே இருக்கிறது. ரசிகர்களின் கூச்சல் பொறுக்க முடியாத அளவுக்கு உயரும்போது மேலாளரை நீக்குகிறார், கூச்சல் அடங்குகிறது, புதியவர் வருகிறார், ஆறு மாதம் அமைதி. என் கணிப்பில், மேலாளரின் வேலைகளில் ஒன்றாகவே இது ஆகிவிட்டது: முதலாளிக்கு வர வேண்டிய அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொள்வது.

யுனைடெட்டின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். சர் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை ஒரே நாற்காலியில் இருந்து 13 முறை லீக் பட்டத்தை வென்று ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸ் பத்து மாதம்தான் தாங்கினார். லூயி வான் ஹால் 2016 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாள் வெளியேற்றப்பட்டார். ஜோசே மொரினியோ, ஓலே குன்னார் சோல்ஷார் ஆகியோர் கதையும் நீக்கத்தில்தான் முடிந்தது. டென் ஹாக்கின் கதை இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. 2024 ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் அவரையே நீக்கினார்கள். அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் சேர்த்து ஒரு கோடி பிரிட்டிஷ் பவுனுக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லிக் கிளப்பில் சுமார் 250 பணியாளர்களை வேலையிலிருந்து எடுத்தார்கள். பருவத்தின் நடுவிலேயே உறுப்பினர் நுழைவுச் சீட்டின் விலையை 66 பவுனாக உயர்த்தி, சிறுவர்களுக்கும் முதியோருக்கும் இருந்த சலுகையை எடுத்தார்கள். ஒப்பந்தத்தை நீட்டித்ததும் முறித்ததும் மேலிடம். விலை கொடுத்தவர்கள் சமையலறைப் பணியாளரும் பேரனைக் கூட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு வரும் தாத்தாவும்.

வென்றாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு அந்த இறுதி ஆட்டத்தில் ஜெயித்த டாட்டன்ஹாமே சாட்சி. 17 ஆண்டுக் கோப்பை வறட்சியைப் போக்கிய மேலாளர் ஆங்கே போஸ்டகோக்ளு, கோப்பையைத் தூக்கிய பதினாறாம் நாள் நீக்கப்பட்டார். லீக்கில் 22 ஆட்டங்களில் தோற்று 17ஆவது இடத்தில் முடித்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மேலாளரை மாற்றினால் அணி தேறுகிறதா என்பதைச் சிலர் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். பாஸ் டெர் வீல் என்ற பொருளியல் அறிஞர் நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மேலாளர் மாற்றங்களை ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்ற அணிகளில் மேலாளரை நீக்கியவை சில வாரங்களில் மீண்டன. நீக்காமல் வைத்திருந்தவையும் ஏறக்குறைய அதே அளவு மீண்டன. அடிமட்டத்துக்குப் போன அணி இயல்பாகவே கொஞ்சம் மேலே வரும். அந்த நேரத்தில் வந்து நிற்பவருக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இனி முதலாளியிடம் வருவோம். அமெரிக்கரான மால்கம் கிளேசர் 2005ஆம் ஆண்டில் ஏறத்தாழ 79 கோடி பவுன் மதிப்பில் யுனைடெட்டை வாங்கினார். அதுவரை கடன் இல்லாமல் இருந்த கிளப் அது. வாங்குவதற்குத் தேவைப்பட்ட தொகையில் பெரும்பகுதியை அவர் கடனாகத் திரட்டினார். அந்தக் கடனில் பெரும்பங்கு கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டது. வகுப்பில் இதை விளக்க நான் நம் ஊர் மாந்தோப்பைத்தான் துணைக்கு அழைப்பேன். நல்ல காய்ப்பில் இருக்கும் ஒரு தோப்பை ஒருவர் வாங்குகிறார். கையில் முழுப் பணம் இல்லை; வாங்கப்போகும் தோப்பையே ஈடு காட்டிக் கடன் எடுத்து விற்றவருக்குக் கொடுக்கிறார். அன்று முதல் ஆண்டுதோறும் பெங்களூரா காய் விற்று வரும் பணம் முதலில் வட்டிக்குப் போகிறது, பிறகு முதலாளியின் பங்குக்குப் போகிறது, மிச்சம் இருந்தால்தான் எருவுக்கும் சொட்டு நீர்க் குழாய்க்கும். முதல் சில ஆண்டுகள் காய்ப்புக் குறையாது, ஏனென்றால் மரங்களைப் பழைய தோட்டக்காரர் நன்றாக வளர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபெர்குசன் இருந்தவரை யுனைடெட் வென்றுகொண்டே இருந்ததும் இப்படித்தான்.

காய்ப்பு நின்ற பிறகுதான் வேலி விழுந்திருப்பது கண்ணில் படும். 2024 மே மாதம் ஆர்சனலுடன் நடந்த ஆட்டத்தின் முடிவில் பெருமழை பிடித்துக்கொண்டது. யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் கூரை மூலையிலிருந்து அருவி போல் தண்ணீர் இருக்கைகளின் மேல் கொட்டிய காட்சியை உலகமே பார்த்தது. உலகின் பணக்காரக் கிளப்புகளுள் ஒன்றின் மைதானம் அது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளேசர் குடும்பம் வீரர்களை வாங்கச் செலவே செய்யவில்லை என்று சொல்வது பொய். 2022இல் ஆன்டனி என்ற ஒரே வீரருக்கு 9 கோடியே 50 லட்சம் யூரோ கொடுத்தார்கள். அவர் அந்தப் பணத்துக்கு ஆடவே இல்லை. செலவழித்த பணம் எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டுச் செலவழித்தார்கள் என்பதே கேள்வி. மேலாளர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். தன்னிடம் இருக்கும் ஆட்களுக்குப் பொருந்தாத மூன்று தடுப்பாளர் முறையை அமோரிம் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நானே பொறுமை இழந்திருக்கிறேன்.

மேலாளரை நீக்க ரசிகர்களின் கூச்சல் போதும். முதலாளியை அது அசைக்காது என்பதற்குக் காரணம் பங்குப் பத்திரத்தில் இருக்கிறது. 2012இல் யுனைடெட்டின் பங்குகளை நியூயார்க் பங்குச் சந்தையில் விற்றபோது, பொதுமக்கள் வாங்கிய ஏ வகைப் பங்குக்கு ஒரு வாக்கும், குடும்பத்தார் வைத்துக்கொண்ட பி வகைப் பங்குக்குப் பத்து வாக்கும் வைத்தார்கள். எல்லா ரசிகர்களும் சேர்ந்து சந்தையில் உள்ள பங்குகளை வாங்கிவிட்டாலும் அதிகாரம் கை மாறாது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கி ஆட்ட நிர்வாகத்தை ஏற்றார். பெரும்பான்மை வாக்கு இன்னும் குடும்பத்திடம்தான்.

மான்செஸ்டர் ரசிகர்களுக்கு இது தெரியும். 2005இலேயே ஒரு சாரார் வெளியேறி, ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியுடன் எஃப்.சி. யுனைடெட் என்ற தனிக் கிளப்பைத் தொடங்கி, பத்தாண்டில் சொந்த மைதானமும் கட்டிக்கொண்டார்கள். 2010இல் மைதானம் முழுவதும் சிவப்புக்குப் பதிலாகப் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத் துண்டுகள் தெரிந்தன. அந்த நிறங்கள் 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணியினுடையவை. அந்த அணிதான் 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் எனப் பெயர் மாறியது. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் என்று தனிக்கடை போடப் பார்த்து, ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்கிய பிறகு, மே 2ஆம் தேதி ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. அன்று யாரும் மேலாளர் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்தும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தொடாத அணி கேரளா பிளாஸ்டர்ஸ். அதன் ரசிகர் படையான மஞ்ஞப்படை, 2024 டிசம்பரில் நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து, இனி நுழைவுச் சீட்டு விற்பனையில் பங்கெடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. அந்த மாதமே மேலாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். ரசிகர்கள் அதோடு அடங்கிவிடவில்லை. அடுத்த மாதமும் கொச்சியில் நிர்வாகத்துக்கு எதிரான போராட்டம் தொடர்ந்தது. கேட்டது வேறு, கொடுத்தது வேறு என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

கோபம் முதலாளியிடம் போய்ச் சேர்ந்த இடமும் இருக்கிறது. பிளாக்பூல் என்ற சிறு கிளப் 2010இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது, மறு ஆண்டே இறங்கியது. அந்த ஓராண்டில் வந்த பெரும்பணத்தை முதலாளி ஓவன் ஓய்ஸ்டனின் குடும்பம் தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எதிர்த்துப் பேசிய ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குகள் பாய்ந்தன. இனி ஒரு காசும் தரமாட்டோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தாங்கள் நேசிக்கும் அணி உள்ளே ஆடிக்கொண்டிருக்க, வாசலில் நின்றுவிட்டு வீடு திரும்புவது எத்தனை கடினம் என்பதை ரசிகர்கள் அறிவார்கள். மறுபுறம், கிளப்பில் பங்கு வைத்திருந்த வலேரி பெலோகோன் தொடர்ந்த வழக்கில், 3 கோடி பவுனுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் கிளப் நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியின் கைக்குப் போனது. மார்ச் 9ஆம் தேதி 15,000க்கும் மேற்பட்டோர் திரும்பி வந்து மைதானத்தை நிரப்பினார்கள். புறக்கணிப்பு மட்டும் சாதித்ததா என்றால் இல்லை, வழக்கும் சேர்ந்தது.

ஜெர்மனியில் இந்த நிலை வராமல் இருக்க, சில விலக்குகள் நீங்கலாக, கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கிளப்பை வாங்க வருபவரின் தகுதியைச் சோதிக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்புக்கு வழி பிறந்திருக்கிறது. முன்பே வாங்கிவிட்டவர்களிடம் அது எவ்வளவு கண்டிப்புக் காட்டும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரீமியர் லீக் கிளப்புகளின் வருமானத்தில் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமைத் தொகைக்குப் பெரிய இடம் உண்டு. நள்ளிரவில் கண்விழிக்கும் நம் பிள்ளைகளும், அவர்கள் கட்டும் மாதச் சந்தாவும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. மான்செஸ்டர்க்காரர் மைதானத்து வாசலில் நின்று கொடி பிடிக்கலாம். ஓசூர் பாகலூர்ச் சாலை விடுதியில் இருப்பவருக்கு வாசலும் இல்லை, வாக்கும் இல்லை. கிளப்பை மாற்றிக்கொள்ளவும் அவருக்கு மனம் வராது. முதலாளி நம்பியிருப்பதும் அதைத்தான். நான் சொன்ன அந்த மாணவர் இந்த ஆண்டு புதிய பனியன் வாங்கவில்லை. கேட்டதற்கு, "மேனேஜர் யாராயிருந்தாலும் கம்பெனிக்குத்தானே சார் காசு போகுது" என்றார். பங்கு வகைகளைப் பற்றிய தேர்வில் அவருக்கு நான் நல்ல மதிப்பெண்ணே போட்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.