கொள்கையை எழுதி மாட்டினால் போதுமா?

அடுத்த கேள்வி. நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சின்ன கம்பெனி நடத்துகிறேன். விற்பனைக்கு மட்டும் பத்துப் பேர் இருக்கிறார்கள். நமது விழுமியங்கள் என்று எழுதி ஆபீஸில் மாட்டச் சொல்கிறார் ஆலோசகர். நிர்வாகத்துக்கு இதனால் நிஜமாகவே பயன் உண்டா சார்?"

மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் அதைப் படித்து நடந்துகொள்ளப் போவதில்லை. இன்சென்டிவ் எதற்குக் கிடைக்கிறது என்று பார்த்துத்தான் நடந்துகொள்வார்கள்.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்ற பெரிய வங்கி. தங்கள் நெறிகளைச் சொல்லத் தனிக் கையேடே போட்டிருந்தார்கள். வாடிக்கையாளரின் நலன்தான் முக்கியம் என்றெல்லாம் அதில் நன்றாகவே எழுதியிருந்தது. அதே வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகளைக் கட்ட வேண்டும் என்றும் இலக்கு வைத்திருந்தது. சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, ஆன்லைன் வசதி, இப்படி. ஏன் எட்டு? 'கிரேட்'டுக்கு 'எயிட்' எதுகையாக வருகிறதாம். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, தலைவர் ஜான் ஸ்டம்ப் ஆண்டறிக்கையிலேயே அப்படி எழுதினார்.

இலக்கை முடிக்காவிட்டால் வேலைக்கு ஆபத்து. ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்கு தொடங்கினார்கள். இல்லாத மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து ஆன்லைன் வசதியில் பதிந்தார்கள். கேட்காத கார்டுக்கு ரகசிய எண்ணையும் (PIN) அவர்களே போட்டார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் சுமார் 5,300 பேரை வங்கி வேலையை விட்டு அனுப்பியிருந்தது. அனுமதியில்லாத கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு வங்கியே சொன்னது. அபராதம் விழுந்த அடுத்த மாதமே ஸ்டம்ப் பதவி விலகினார். 2020இல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் தொழிலில் ஈடுபடத் தடையும் வந்தது.

அந்த ஐயாயிரம் பேரும் ஏமாற்றுவதற்கென்றே வேலைக்கு வந்தவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையேடு ஒன்று சொன்னது, மாத இலக்கு வேறொன்று சொன்னது. சம்பளம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் போனார்கள். அந்த இலக்கை வைத்தது யார்? மேலே இருந்தவர்கள்தானே.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். உங்களிடம் அதிகமாக விற்பவர் வாடிக்கையாளரிடம் பொய் சொல்லித்தான் விற்கிறார் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? மற்ற ஒன்பது பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம், "இந்த மாடல் உங்களுக்குச் சரிவராதுங்க" என்று உண்மையைச் சொல்லி ஒரு ஆர்டரை விட்டவருக்கு அந்த மாதம் என்ன கிடைத்தது? திட்டுதான் கிடைத்தது என்றால், சுவரில் என்ன எழுதி மாட்டினாலும் வீண்.

முதல் வேலையாக இன்சென்டிவ் கணக்கை மாற்றுங்கள். பொருள் திரும்பி வந்தாலோ, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று புகார் வந்தாலோ அந்த விற்பனை கணக்கில் சேராது என்று வையுங்கள். முதல் மாதம் விற்பனை குறையலாம். அதைத் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஆலோசகரிடம் பேசுங்கள்.