குரோனிங்கனில் இறங்கிய முள்

நேயர்களுக்கு வணக்கம். மின்நிலையத்தில் டர்பைன் பக்கத்திலேயே காலம் கழித்தவன் நான். குழாயில் வரும் எரிவாயுவின் அழுத்தத்தைக் காட்டும் முள் கொஞ்சம் இறங்கினாலும் வயிற்றில் புளி கரைக்கும். இன்று பேச வந்திருப்பது நெதர்லாந்தில் இறங்கிய ஒரு முள்ளைப் பற்றி.

அங்கே குரோனிங்கன் எரிவாயு வயல் 1959ல் கண்டுபிடிக்கப்பட்டது. தரைக்கடியில் சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில், மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் வாயு அடைந்து கிடந்தது. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். மேலே இருக்கும் பாரம் தாங்காமல் பாறை மெல்ல அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்கினால் பரவாயில்லை. பழைய பிளவுகளின் ஓரத்தில் அது சறுக்கும்போதுதான் நிலம் நடுங்குகிறது.

2012 ஆகஸ்டில் ஹாய்சிங்கே கிராமத்தில் 3.6 ரிக்டர். எண்ணைப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் நடுக்கம் தொடங்கிய ஆழம் மிகக் குறைவு, மேலே மெத்தென்ற களிமண், அதன்மேல் செங்கல் வீடுகள். சுவர்கள் விரிசல் விட்டன, சில வீடுகளுக்கு வெளியே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். தன் வீட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் படுத்துறங்குவது எப்படி இருந்திருக்கும்!

2013ல் 5,400 கோடி கனமீட்டர் எடுத்த வயலுக்கு அதன்பிறகு ஆண்டுக்காண்டு உச்சவரம்பைக் குறைத்தார்கள். 2023 அக்டோபர் 1ல் உற்பத்தி நின்றது. நடுவில் உக்ரேன் போரால் ஐரோப்பாவே வாயுவுக்குத் தவித்தபோதும் மூடும் முடிவை மாற்றவில்லை. அது சரியான முடிவு. பல ஆண்டுகள் பிந்தி வந்தது என்பதே என் வருத்தம்.

மூடுவதும் லேசாக இல்லை. குரோனிங்கன் வாயுவில் நைட்ரஜன் அதிகம், எரித்தால் கிடைக்கும் சூடு குறைவு. நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளில் பல லட்சம் அடுப்புகளும் கொதிகலன்களும் அதற்கேற்பவே அமைந்தவை. வெளியிலிருந்து வாங்கும் வாயுவில், கெட்டிப் பாலில் தண்ணீர் விடுவதைப் போல, நைட்ரஜன் கலந்தாக வேண்டும். அதற்காகச் சாய்ட்புரூக்கில் கட்டிய புதிய ஆலை முடியத்தான் தாமதமானது.

நம் சிங்கப்பூருக்கு வருகிறேன். இங்கே மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் கணிசமான பங்கு மலேசியா, இந்தோனேசியா வயல்களிலிருந்து குழாய் வழியே வருவது. 2021ல் இந்தோனேசியாவின் நத்துனா வயல்களிலிருந்து வரும் வாயு குறைந்தது, உலகச் சந்தையில் விலை ஏறியது, மின்சார விற்பனையாளர்கள் சிலர் கடையைக் கட்டினார்கள். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் விற்பனையாளர் விலகுவதாக ஒரு கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "தம்பி, நாளைக்கு லைட் எரியுமா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

எரிந்தது. ஜூரோங் தீவில் 2013லிருந்தே, கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் முனையம் இருந்தது. அவசரத்துக்கென எரிசக்திச் சந்தை ஆணையம் தனியே கையிருப்பும் ஏற்பாடு செய்தது. இரண்டாவது முனையம் இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வரவிருக்கிறது. அது கடலில் மிதக்கும் முனையம். குழாயில் வாயு வந்துகொண்டிருக்கும்போதே அதைக் கட்டுகிறோம்.