நேரில் காணாத நோயாளிக்குப் பொறுப்பேற்றல்: மருந்தாக்க மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி

[திரையில்: 2006 மார்ச் 13, லண்டன். வரிசையாகப் போடப்பட்ட எட்டுக் கட்டில்களின் கோட்டோவியம்.]

வணக்கம். 2006ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி காலை, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இயங்கிவந்த ஒரு தனியார் ஆய்வுப் பிரிவில், நல்ல உடல்நலத்துடன் இருந்த எட்டு ஆண்கள் ஒரு மருந்துச் சோதனைக்குத் தாமாக முன்வந்து படுத்திருந்தார்கள். டி.ஜி.என். 1412 என்று குறியிடப்பட்ட அந்த மருந்து அதற்கு முன் எந்த மனித உடலிலும் செலுத்தப்பட்டதில்லை. இருவருக்கு ஒப்பீட்டுக்காக மருந்துச் சரக்கில்லாத போலி மருந்தும், மற்ற ஆறு பேருக்கு உண்மையான மருந்தும், ஏறக்குறைய பத்து பத்து நிமிட இடைவெளியில் இரத்தநாளம் வழியாக ஏற்றப்பட்டன. குரங்குகளுக்குத் தீங்கில்லை என்று கருதப்பட்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் இவர்களுக்குத் தரப்பட்டது. ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல் என்று தொடங்கி, ஒரு நாளுக்குள் ஆறு பேரும் பல உறுப்புகள் செயலிழக்கும் நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். ஆறு பேரும் உயிர்பிழைத்தார்கள் என்பது பெரிய ஆறுதல்.

மருந்தைத் தயாரித்ததிலோ கலந்ததிலோ பிழை இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. சோதனைக்கு முறையான அனுமதியும் இருந்தது. அப்படியானால் எது விடுபட்டது? முதல் மனிதருக்கு மருந்தை ஏற்றிவிட்டு, அவருக்கு என்ன ஆகிறது என்று சில மணி நேரம் பார்த்திருந்தால், மற்ற ஐந்து பேருக்கும் அந்த மருந்து போயிருக்காது. காய்ச்சல்கார நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய எந்த மருத்துவருக்கும் எளிதில் தோன்றக்கூடிய எண்ணம் இது. அந்த எண்ணத்தை மருந்து உருவாகும் இடத்துக்குள் கொண்டுபோய், அதை அதிகாரத்தோடு சொல்லவும் செயல்படுத்தவும் மருத்துவர்களை ஆயத்தப்படுத்துவதுதான் மருந்தாக்க மருத்துவம் என்னும் சிறப்புத்துறை. பிரிட்டனில் அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

அந்த விபத்தை ஆராயப் பேராசிரியர் கார்டன் டஃப் தலைமையில் பிரிட்டன் அரசு அமைத்த வல்லுநர் குழு, 2006 இறுதியில் தன் அறிக்கையை அளித்தது. முதன்முறையாக மனிதருக்குத் தரப்படும் மருந்துகளை ஒருவர் பின் ஒருவராக, போதிய இடைவெளி விட்டுத் தரவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் எல்லோரும் அறிந்த ஒன்று. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பரிந்துரையும் அதில் உண்டு: இத்தகைய சோதனைகளை நடத்தும் மருத்துவர்கள் அதற்கென்று தனிப்பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பது. என்னைக் கேட்டால், அந்த அறிக்கையின் உயிர்நாடி இந்த இரண்டாவது பரிந்துரைதான். இடைவெளி விடு என்பதை விதியாக எழுதிவிடலாம். எழுதப்படாத அடுத்த ஆபத்தை முன்கூட்டியே காண்பதற்குப் பயின்ற கண் வேண்டும்.

[திரையில்: 1976, 1989, 2002 என்ற ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக.]

இந்தத் துறை அந்த விபத்துக்குப் பிறகு பிறந்ததன்று. மருந்தாக்க மருத்துவத்தில் டிப்ளமோ தேர்வு பிரிட்டனில் 1976இலேயே தொடங்கிவிட்டது. 1989இல் அந்நாட்டின் மூன்று ராயல் மருத்துவர் கல்லூரிகளின் (மருத்துவர்களின் தொழில்முறை அமைப்புகளின்) கீழ் இதற்கென ஒரு புலம் நிறுவப்பட்டது. 2002 முதல் இதயவியல், நரம்பியல் போல இதுவும் ஒரு தனிச் சிறப்புத்துறையாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. இப்படித் தனித்துறையாக ஏற்றுக்கொண்ட நாடுகள் உலகில் மிகச் சில. அயர்லாந்து, சுவிட்சர்லாந்து, மெக்சிகோ ஆகியவை அவற்றில் அடங்கும்.

பயிற்சிக் காலம் நான்கு ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு இதில் சேர்ந்துவிட முடியாது. இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சியை முடித்து, அதற்கு மேலும் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் இருந்தால்தான் சேரலாம். இந்த நிபந்தனையைச் சிலர் வெறும் தடையாகப் பார்க்கிறார்கள். ஆனால் இரவுப் பணியில் மூச்சுத்திணறலோடு வந்த ஒருவரை ஒருமுறையாவது தன் பொறுப்பில் பார்க்காத மருத்துவர், பின்னாளில் கணினித் திரையில் "மூச்சுத்திணறல், தீவிரம்" என்ற வரியைப் படிக்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் காண மாட்டார்.

மற்றத் துறைகளின் பயிற்சி மருத்துவமனையில் நடக்கும். இது பணியிடத்திலேயே, அதாவது மருந்து நிறுவனத்திலோ, சோதனைகளை ஏற்று நடத்தும் ஆய்வு நிறுவனத்திலோ, எம்.எச்.ஆர்.ஏ. எனப்படும் மருந்து ஒழுங்குமுறை அமைப்பிலோ, சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே நடக்கிறது. மருந்து ஒழுங்குமுறைச் சட்டம், மருத்துவ மருந்தியல், புள்ளியியலும் தரவு மேலாண்மையும், மருந்துச் சோதனைகளின் வடிவமைப்பு, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மருந்து விற்கப்படும் சந்தையின் இயல்பு ஆகியவை பாடத்திட்டத்தின் தூண்களாக இருந்து வருகின்றன. தலைமைப் பண்பும் பிறரோடு இணைந்து செயல்படும் திறனும் இவற்றோடு சேரும். எல்லாவற்றையும் இங்கே விரிப்பதற்கு நேரம் போதாது. இரண்டை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம்.

[திரையில்: ஒரு பக்கவிளைவு அறிக்கைப் படிவம், பெரிதாக்கப்பட்டு.]

முதலாவது, பாதுகாப்புக் கண்காணிப்பு. ஒரு பயிற்சி மருத்துவரின் மேசைக்கு இப்படி ஓர் அறிக்கை வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண், புதிய மருந்தொன்றை ஆறு வாரமாகச் சாப்பிட்டு வருகிறார், கண் மஞ்சளாகியிருக்கிறது. அறிக்கை முறையானதாகக் கருதப்பட நான்கு விவரங்கள் வேண்டும்: அடையாளம் காணத்தக்க ஒரு நோயாளி, தகவல் தந்தவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நிகழ்ந்த தீங்கு. நான்கும் இருக்கின்றன. எழுத்தர் ஒருவரே இதுவரை வந்துவிடுவார். மருத்துவரின் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேலும், மஞ்சள் நிறமியான பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் உயர்ந்திருக்கிறதா? பித்தக்குழாயில் அடைப்பு, வைரஸ் மஞ்சள்காமாலை போன்ற வேறு காரணங்கள் விலக்கப்பட்டனவா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை ஆம் என்றால் அது ஹை விதி எனப்படும் எச்சரிக்கைக் குறி. கல்லீரல் மருத்துவர் ஹைமன் சிம்மர்மனின் அவதானிப்பிலிருந்து வந்த விதி அது. அப்படி மஞ்சள்காமாலை வரை போகும் மருந்துப் பாதிப்பில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு உயிரிழப்போ கல்லீரல் மாற்றுத் தேவையோ ஏற்படக்கூடும். எனவே சோதனையில் இப்படி ஒரே ஒரு நிகழ்வு வந்தாலும் அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

மருந்தை நிறுத்தியதும் நொதி அளவு இறங்கியதா, கூடவே அவர் வேறு என்னென்ன மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் எடுத்தார் என்று அந்தப் பயிற்சி மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதவேண்டும். அதே நேரம் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும்: மருந்துச் சோதனையில் எதிர்பாராத, உயிருக்கே ஆபத்தான விளைவு என்றால் ஏழு நாட்களுக்குள்ளும், எதிர்பாராத மற்றத் தீவிர விளைவுகள் என்றால் பதினைந்து நாட்களுக்குள்ளும் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இந்த வேலையின் வேர் தாலிடோமைடில் இருக்கிறது. கருவுற்ற பெண்கள் குமட்டலுக்காக உட்கொண்ட அந்த மருந்து, கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, 1961இன் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அதன் விளைவாக 1964இல் பிரிட்டனில் தொடங்கியதுதான் மஞ்சள் அட்டைத் திட்டம். மருந்தின் பக்கவிளைவை மருத்துவர்கள் எழுதி அனுப்பும் அந்த வழக்கம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, இப்போது நோயாளிகளே அனுப்பலாம்.

[திரையில்: 2 சதவீதம், 1 சதவீதம் என்று குறித்த இரண்டு பட்டைகள்.]

இரண்டாவது, எண்களைப் படிக்கும் பழக்கம். ஒரு மருந்து மாரடைப்பின் வாய்ப்பை நூற்றுக்கு இரண்டிலிருந்து நூற்றுக்கு ஒன்றாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஐம்பது சதவீதம் குறைப்பு" என்று விளம்பரத்தில் போடலாம். கணக்குப்படி அது பொய்யன்று. ஆனால் நூறு பேர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பயனடைகிறவர் ஒருவரே என்பதை அந்த வாசகம் மறைத்துவிடும். பிரிட்டனில் மருந்துத் தொழில்துறையின் நடத்தைவிதிகளின்படி, விளம்பரப் பொருள்கள் வெளியே போகுமுன் பதிவுபெற்ற மருத்துவரோ மருந்தாளுநரோ அவற்றைப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். விற்பனைப் பிரிவு அவசரப்படுத்தும்போது, முழு எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுங்கள், போடாவிட்டால் கையெழுத்திட மாட்டேன் என்று ஒரு மருத்துவர் சொல்லவேண்டி வரும். அந்தத் துணிவுக்குப் பின்னே புள்ளியியல் தெளிவு இல்லையென்றால் அது வாதத்தில் நிற்காது.

சம்பளம் கொடுப்பது நிறுவனம், பயிற்சி நடப்பதும் அங்கேயே என்றால் தரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. பாடத்திட்டத்துக்கும் பயிற்சியிடங்களுக்கும் ஒப்புதல் தருவது, மருத்துவர்களுக்குப் பதிவும் உரிமமும் வழங்கும் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம். பயிற்சி மேற்பார்வையாளர் ஒருவர் பயிலுநரின் வேலையைத் தொடர்ந்து மதிப்பிட்டு வருவார்; உடன் பணிபுரிவோரின் கருத்துகளும் திரட்டப்படும். ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனத்துக்கு வெளியே உள்ள குழு அந்த ஆவணங்களையெல்லாம் பார்த்து, அடுத்த ஆண்டுக்குப் போகலாமா என்று முடிவு சொல்லும். டிப்ளமோ தேர்விலும் தேறி, நான்கு ஆண்டுகளும் நிறைவாக முடிந்தால் பயிற்சி நிறைவுச் சான்றிதழ் கிடைத்து, மன்றத்தின் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறும். ஸ்டெதஸ்கோப்பைத் தொடாத வேலை என்றாலும், உரிமத்தைத் தக்கவைக்க மற்ற மருத்துவர்களைப் போலவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஉறுதி பெற்றாக வேண்டும். நிறுவனத்தின் பக்கம் சாய்ந்துவிடாமல் நிற்க ஒரு மருத்துவருக்கு இந்த உரிமமே பிடிமானம். தவறான ஒன்றில் கையெழுத்திட்டால் இழப்பது வேலையை மட்டுமன்று.

இந்தியாவில் படித்த மருத்துவர்கள் இந்தப் பயிற்சியில் சேர விரும்பினால், பொது மருத்துவ மன்றத்தின் பதிவும் உரிமமும் முதலில் வேண்டும். பிறகு, பயிற்சியிடமாக ஒப்புதல் பெற்ற ஒரு நிறுவனத்தில் பொருத்தமான பணி வேண்டும். மற்றத் துறைகளில் பயிற்சியிடம் கிடைத்தால் பணியும் அதனோடு வரும். இங்கே பணியை முதலில் தேடிக்கொள்ள வேண்டும் என்பது பலருக்கும் புரியாமல் போகும் இடம். நேர்காணலின்போதே, இந்தப் பணியிடம் பயிற்சிக்கு ஒப்புதல் பெற்றதா, மேற்பார்வையாளர் யார், பாதுகாப்புக் கண்காணிப்பு, சோதனை வடிவமைப்பு, விளம்பரச் சான்றளிப்பு ஆகிய மூன்றிலும் கைப்பழக்கம் கிடைக்குமா என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியில் சேராமலே பல ஆண்டுகள் இந்தத் துறையில் உழைத்தவர்கள், தங்கள் அனுபவத்தை ஆவணங்களோடு நிறுவிச் சிறப்புப் பதிவேட்டில் சேர்வதற்கும் தனியாக ஒரு வழி இருக்கிறது; அதற்கு, செய்த ஒவ்வொரு வேலையின் சான்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைத்திருக்க வேண்டும்.