போட்ஸ்டாம் அறிவிப்பு: மூன்று பெயர், ஒரே பேனா

வணக்கம் நேயர்களே. 1945 ஜூலை 26 இரவு, ஜப்பான் சரணடைய வேண்டும், இல்லையேல் முற்றாக அழிய நேரிடும் என்று நேச நாட்டுத் தலைவர்கள் கூடியிருந்த ஜெர்மன் நகரம் போட்ஸ்டாமிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியானது. அமெரிக்கா, சீனா, பிரிட்டன் மூன்றின் பெயரில் வந்தது. ஆனால் அந்த மூன்று நாட்டுத் தலைவர்களில் அன்று அங்கே இருந்தவர் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஒருவர்தான். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் பெயரையும் அவரே எழுதிப் பக்கத்தில் தன் முதலெழுத்துகளைப் போட்டார். சீன அதிபருக்கு, 'தந்தி வழியாக' என்று ஒரு குறிப்பு.

சர்ச்சில் வாசகத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, தேர்தல் முடிவுக்காக முதல் நாளே லண்டன் போய்விட்டார். அறிவிப்பு வெளியான அதே நாள் தோற்றுப் பதவியும் விலகினார்.

சீன அதிபர் சியாங் கை ஷேக்கின் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. அவர் போர்க்காலச் சீனத் தலைநகரான சுங்கிங் நகருக்கு வெளியே, யாங்சி ஆற்றுக்கு அக்கரையில் மலை வீட்டில் இருந்தார். தந்தி வந்து, சீனத்தில் பெயர்த்து, அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் போட்ஸ்டாமில் பொறுமை போய்விட்டது. கடைசியில் அவர் கேட்டது ஒரே திருத்தம்: பிரிட்டிஷ் பிரதமருக்கு முன்னால் தன் பதவி வர வேண்டும், அது உள்நாட்டில் தனக்கு உதவும் என்றார். உடனே மாற்றினார்கள். கௌரவப் பிரச்சினை என்று சிரிக்கலாம். எட்டு ஆண்டாகப் போரில் நைந்த நாட்டின் தலைவருக்கு அது சின்ன விஷயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

சரி, சோவியத் தலைவர் ஸ்டாலின்? அவர் போட்ஸ்டாமிலேயேதான் இருந்தார். அவரிடம் கேட்கவே இல்லை! இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடச் சொல்லி சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் தரப்பு கேட்டபோது, பத்திரிகைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. சோவியத் ஒன்றியம் ஜப்பானோடு போரில் இல்லை, சங்கடப்படுத்த விரும்பவில்லை என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பைர்ன்ஸ் காரணம் சொன்னார். காரணம் பொய்யில்லை. ஆனால் ரஷ்யர்கள் உள்ளே வருமுன் போர் முடிந்தால் நல்லது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

விட்டுப்போன அந்தப் பெயரைத்தான் டோக்கியோ உற்றுப் பார்த்தது. சமரசம் பேச மாஸ்கோவை ஏற்கெனவே நாடியிருந்தார்கள். ஸ்டாலின் சேரவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்று வெளியுறவு அமைச்சர் டோகோ நினைத்தார். பதினோரு நாளில் ஹிரோஷிமா. ஆகஸ்ட் 8 அன்று, சமரசத்துக்குப் பதில் கிடைக்கும் என்று மொலோடோவைப் பார்க்கப் போன ஜப்பானியத் தூதர் சாட்டோவின் கையில் போர்ப் பிரகடனம் கொடுக்கப்பட்டது. போட்ஸ்டாம் அறிவிப்பில் சோவியத்தும் சேர்ந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.